மாமாவின் பென்சிலை நிறுத்திய அரக்கன்

என் வயதுக்காரர்களே, நமக்கெல்லாம் இப்போது அரக்கனைக் கண்டு பயம் கிடையாது. ஈரமான குளியலறைத் தரையைக் கண்டால் பயம், ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைக் கண்டால் பயம். அரக்கனே நேரில் வந்தாலும் "வாப்பா, உட்கார், காப்பியில் சர்க்கரை போடலாமா?" என்று விசாரிக்கிற வயதுக்கு வந்துவிட்டோம். ஆனாலும் போன வாரம் பக்கத்து ஃபிளாட் பையன் என்னைப் பயமுறுத்தியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு, தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். திரையில் ஒரு ராட்சசன். பத்தாயிரம் வயதாம். கண்ணில் நெருப்பு, முதுகில் முள், மலை உயரம்.

"மாமி, டர் லக்தா ஹை னா?" என்றான். பயமாக இருக்கிறதா என்று கேட்கிறான். நம் குழந்தைகளுக்குத் தமிழில் பயப்படக்கூட மறந்துபோய்விட்டது.

"இவனுக்கு என்னடா வேணும்?" என்று கேட்டேன்.

"உலகத்தை அழிக்கணும்."

"அழிச்சுட்டு அப்பறம் எங்கே குடியிருப்பான்?"

பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "தட் இஸ் நாட் இன் தி கேம், மாமி" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. என் மாமா, அம்மாவின் தம்பி, எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் என்னைக் கேட்டது. அதை எனக்குக் கொடுத்ததற்காக இன்றுவரை மாமாவுக்கு மனசுக்குள் நமஸ்காரம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். அந்த மழைக்காலத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். கொஞ்சம் அங்கே இங்கே போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பம்பாயில், மாட்டுங்காவில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையலறை, அதன் மூலையில் பாத்திரம் தேய்க்கவும் குளிக்கவும் ஒரு மோரி. யுத்தம் முடிந்துவிட்டது, ரேஷன் மட்டும் முடியவில்லை. ரேஷன் அரிசியில் ஒரு மக்கல் வாசனை உண்டு, ஞாபகம் இருக்கிறதா? அதை மறைக்க அம்மா குழம்பில் பெருங்காயத்தை அள்ளிப் போடுவாள். அப்பா கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க். எனக்கு அடுத்து ஆறு வயதில் ஒரு தம்பி.

மாமா பாலக்காட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். அந்தக் காலத்தில் நம் பிள்ளைகளுக்கு ஜாதகத்திலேயே எழுதியிருக்கும் போலிருக்கிறது: பள்ளிக்கூடம் முடித்தால் டைப்ரைட்டிங், அப்புறம் ஷார்ட்ஹாண்ட், அப்புறம் பம்பாய். பெட்டியைத் திறந்தால் இரண்டு வேஷ்டி, ஒரு கோட்டு, மற்றதெல்லாம் பென்சில். ஒவ்வொரு பென்சிலும் இரண்டு பக்கமும் சீவியிருக்கும். ஒரு முனை ஒடிந்தால் நேரம் வீணாகாமல் திருப்பிப் பிடிக்கலாம் என்று மாமா விளக்கினார். தம்பிக்கு அதில் ஒன்றைத் திருடுவதே லட்சியமாகிவிட்டது.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் தம்பி ஸ்டெனோவாக்கும்" என்று மூன்று மாடிக்கும் சொல்லிவிட்டு வந்தாள். மாமாவின் கையும் அந்தப் பெருமைக்குத் தகுந்ததுதான். தனியாக உட்கார்ந்து எழுதினால் பென்சில் பறக்கும். கோடும் கொக்கியும் புள்ளியுமாகப் பக்கம் பக்கமாக நிறையும். ஆனால் ஒரு கோளாறு இருந்தது. அதிகாரம் உள்ளவர் யாராவது எதிரில் நின்று டிக்டேட் பண்ண ஆரம்பித்தால், முதல் வாக்கியத்திலேயே கை நின்றுவிடும். விரல் பென்சிலைப் பிடித்தபடி பிடித்திருக்கும், நகராது. முதல் வரி போனால் இரண்டாம் வரியும் போச்சு. அப்புறம் எல்லாமே போச்சு.

முதல் ஆபீஸில் அதனாலேயே இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. அப்பா யார் யாரையோ பிடித்து, துறைமுகத்துப் பக்கம் சரக்குக் கப்பல்களுக்கு ஏஜென்டாக இருந்த ஒரு கம்பெனியில் தாற்காலிக டைப்பிஸ்டாகச் சேர்த்துவிட்டார். அங்கே பெரிய துரையின் ஸ்டெனோ மழைக்காலம் முடிந்ததும் வேலையை விட்டுப் போவதாக இருந்தார். துரை தானே டிக்டேட் பண்ணிப் பார்த்து, திருப்தியானால் மாமாவை அந்த இடத்தில் நிரந்தரமாகப் போடுவார். இல்லாவிட்டால் தாற்காலிகமும் போய்விடும்.

"மழை முடியற வரைக்கும் பாப்போம்" என்றார் அப்பா. "அப்பறம் ஊருக்கு லெட்டர் போட்டு டிக்கெட் எடுத்துடறேன்."

ஊருக்குப் போனால் என்ன என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கல்யாணச் சமையல் கோஷ்டி ஒன்றில் கரண்டி பிடிக்க ஆள் வேண்டும் என்று ஊரிலிருந்து ஏற்கெனவே சொல்லியனுப்பியிருந்தார்கள். சமையல் ஒன்றும் கேவலமில்லை. ஆனால் மாமாவுக்குக் கரண்டி பிடிக்கத் தெரியாது. அம்மாவோ மூன்று மாடிக்கும் சொல்லிவிட்டாள்.

அப்பாவின் வைத்தியம் கத்துவது. ஆபீஸிலிருந்து வந்து, கோட்டைக் கழற்றி, இங்கிலீஷ் பேப்பரை விரித்து, கடியாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார். மாமாவின் கை இரண்டாவது வார்த்தையிலேயே நிற்கும்.

"என்னடா இது, மரவட்டையைத் தொட்டாப்பல சுருண்டுக்கறே!"

"இன்னொரு தரம் படிக்கறேளா அத்திம்பேர்?"

"துரை இன்னொரு தரம் படிப்பாரா?"

அம்மாவின் வைத்தியம் வேறு. மாடிக்காரர்களின் கண்ணேறுதான் காரணம் என்பது அவள் தீர்மானம். வெள்ளிக்கிழமைதோறும் மாமாவைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் கையில் எடுத்துச் சுற்றிக் கரி அடுப்பில் போடுவாள். உப்பு படபடவென்று வெடிக்கும். "பாத்தியா, பாத்தியா, எத்தனை கண்ணு!" என்பாள். மாமா இருமிக்கொண்டே தலையாட்டுவார். பாவம், இரண்டு வைத்தியமும் அன்பினால் செய்ததுதான். அப்பா கத்தியதும் பயத்தினால்தான் என்று இப்போது எனக்குப் புரிகிறது. தான் சிபாரிசு செய்த ஆள் தோற்றுப்போனால் தன் முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்ற பயம்.

கடைசியில் பேப்பர் படிக்கிற வேலை என்னிடம் வந்தது. பத்து வயது இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். "இவ படிக்கற வேகத்துக்குக் கல்லுலயே செதுக்கிடலாம்" என்றார் அப்பா.

ஒரு நாள் விடாமல் மழை. பள்ளிக்கூடம் இல்லை, ரயில் இல்லாததால் மாமாவுக்கு ஆபீஸும் இல்லை, பேப்பரும் வரவில்லை. மாமா பலகைமேல் நோட்டை வைத்துக்கொண்டு, "எதையாவது சொல்லுடி கொழந்தே, கை சும்மா இருக்கப்படாது" என்றார்.

"தமிழ்லயா?"

"ஷார்ட்ஹாண்ட்ங்கறது சத்தத்தை எழுதறது. தமிழானா என்ன, துளுவானா என்ன? சொல்லு."

நான் ஒரு அரக்கனைச் சொன்னேன். நூறு தலை, ஒவ்வொரு தலையிலும் நூறு பல். காலையில் ஒரு ஊர், மத்தியானம் ஒரு ஊர் என்று சாப்பிடுவான். மூச்சு விட்டால் காடு பற்றி எரியும். மாமா குனிந்த தலை நிமிராமல் எழுதித் தள்ளினார். பிறகு ஸ்டெனோக்களின் வழக்கப்படி எழுதியதைத் திருப்பிப் படித்தார். "தலை நூறு, பல் தலைக்கு நூறு, ஆகாரம் வேளைக்கு ஊர் ஒன்று" என்று சரக்கு இறக்குகிற கணக்குப்போல இருந்தது கேட்க. படித்து முடித்துக் கொட்டாவி விட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்தடுத்த நாள் தலைகளை ஏற்றினேன், வாலில் விஷம் வைத்தேன், வயிற்றில் ஒரு வாய் வைத்தேன். எவ்வளவு ஏற்றினாலும் மாமாவின் பென்சில் நிம்மதியாக ஓடியது.

"இவன் எதுக்குடி ஊரைத் திங்கறான்?" என்று ஒரு நாள் கேட்டார்.

"அரக்கன்னா திம்பான்."

"அதில்லை. இவனுக்கு என்ன வேணும்? எல்லா ஊரையும் தின்னு முடிச்சா அப்பறம் என்ன பண்ணுவான்?"

எனக்கு அழுகை வந்தது. மாமாவை எப்படியாவது ஒரு தடவை பயமுறுத்தி அந்தப் பென்சிலை நிறுத்திவிடவேண்டும் என்பதுதான் அப்போது என் வாழ்க்கையின் ஒரே ஆசை.

அந்த வாரமே பெரிய மழை. கடலும் ஏறியிருந்ததால் தண்ணீர் போக வழியில்லாமல் மோரித் துவாரத்தின் வழியாக வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்தது. கறுப்பாக, சத்தமே இல்லாமல், ஒரு விருந்தாளிபோல வந்தது. டிரங்குகளைக் கட்டில்மேல் ஏற்றி, டிரங்குகள்மேல் எங்களை ஏற்றினார்கள். அந்தக் குழப்பத்தில் தம்பி விரலை முக்கி நாக்கில் வைத்து "உப்பு!" என்று கத்தினான். அம்மா அவனைத் தலைகீழாகப் பிடித்து வாயைக் கழுவினாள். முழங்கால் தண்ணீரில் பால் கொண்டுவந்த பய்யா வாசலில் நின்றுகொண்டு, "யே சப் சமுந்தர் தா, பேட்டி" என்றார். இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் கடல்தான், மனுஷர்கள் மண்ணைக் கொட்டித் தூர்த்து ஊராக்கினார்கள் என்று சொல்லிவிட்டு, ஏதோ சாதாரண விஷயம்போலப் பாலை அளந்து ஊற்றிவிட்டுப் போனார்.

நான் டிரங்கின்மேல் உட்கார்ந்து அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து, தரை இன்னும் காயாத வீட்டில், மாமாவிடம் உப்பரசனைச் சொன்னேன்.

உப்பரசனுக்குத் தலை ஒன்றுதான். பம்பாய் தனித்தனித் தீவுகளாக இருந்த காலத்திலிருந்து அவன் இருக்கிறான். தீவுகளுக்கு நடுவில் இருந்த கடல் அவன் வீடு. மனுஷர்கள் வந்து அவன் கூடத்தில் மண்ணைக் கொட்டினார்கள், பிறகு உள்ளறையில் கொட்டினார்கள். கடைசியில் அவனுக்கு மிஞ்சியது உப்பளம் மட்டும். செம்பூரில் பெரியப்பா வீட்டுக்குப் போகும்போது மான்குர்த் வண்டியின் ஜன்னலில் தெரியுமே, அந்த உப்பளம். அங்கே வெள்ளையாகக் குவிந்து கிடப்பது அவன் தலைமயிர். அவன் யாரையும் தின்பதில்லை, யாரிடமும் கத்துவதில்லை. அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். வருஷா வருஷம் மழை நாளில் எழுந்து, ஒரு சாண் கிட்டே வந்து, ஒரு வீட்டு வாசலில் நின்று, அந்த வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான்.

"சௌக்கியமா இருக்கேளா?" என்று நான் மெதுவாக, உப்பரசன் குரலில் சொன்னேன். "என் வீட்டைச் சுத்தமா வெச்சிண்டிருக்கேள், சந்தோஷம். இருங்கோ, நன்னா இருங்கோ. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

பென்சில் நின்றது.

முனை காகிதத்தில் குத்திக்கொண்டு நின்றது. மாமாவின் கழுத்தில் வேர்வை. நான் எழுந்து குதித்தேன். "பயந்துட்டியா மாமா? பயந்துட்டியா?"

மாமா சிரிக்கவில்லை. நோட்டை மூடி வைத்தார். "எங்க துரை இப்படித்தான்டி பேசுவார். மத்த துரையெல்லாம் கத்துவா. கத்தற மனுஷன் கத்தி முடிச்சா தீந்துது. இவர் கத்தவே மாட்டார். பின்னாலே வந்து நின்னுண்டு, 'நிதானமா டைப் பண்ணலாம்'னு மரியாதையாச் சொல்லுவார். அந்த ஆபீஸ் கட்டடம் கட்டறதுக்கு முன்னாடியே அவர் அந்த நாற்காலியில உக்காந்திருந்தார்னு குமாஸ்தாக்கள்லாம் சொல்றா. அவருக்குத் தெரியாத கப்பல் இல்லை, மறந்துபோன தப்பு இல்லை. குரலைக் கேட்டாலே விரல் மரத்துப் போயிடறது."

அன்றைக்கு நான் மாமாவை முதல் முறையாக ஒரு பெரியவராகப் பார்க்காமல், பயந்த ஒரு ஆளாகப் பார்த்தேன். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல இருந்தது. மறுநாள் சாயங்காலம் மாமாவே நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "உப்பரசன் வரட்டும்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது எங்கள் டிரில். அம்மாவின் வெள்ளைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால் நடப்பேன், உப்பரசன் பேசுவான், மாமா எழுதவேண்டும். முதல் சில நாள் பென்சில் நின்று நின்று ஓடியது. எனக்குப் பரிதாபமாகிவிட்டது. ஒரு நாள் மாமாவுக்காக உப்பரசனைப் பாசியில் வழுக்கி விழவைத்தேன். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"விட்டுக்கொடுத்துச் சொல்லாதேடி. இந்தச் சோப்ளாங்கியோட பழகி எனக்கு என்ன தைரியம் வரப்போறது?"

அதற்குப் பிறகு நான் விட்டுக்கொடுக்கவில்லை. உப்பரசனை நாளுக்கு நாள் பலமாக்கினேன். பலம் என்றால் தலையும் பல்லும் இல்லை என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. அவன் சொன்ன சொல் தவறமாட்டான், அதனால் அவன் சொல்வதைக் கேட்டால் குலை நடுங்கும். மாமாவின் கேள்விகளுக்குப் பதில் தேடித் தேடித்தான் இதெல்லாம் கிடைத்தது. அவன் எப்போது தூங்குவான்? அவனுக்கு யாராவது துரோகம் பண்ணியிருக்கிறார்களா? அவன் எதற்குப் பயப்படுவான்? கடைசிக் கேள்விக்கு எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. தன்னை எல்லாரும் மறந்துபோய்விடுவார்கள் என்றுதான் அவனுக்குப் பயம் என்று சொன்னேன். மாமா அதை எழுதிவிட்டு, பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அவனை வெல்ல ஒரு ராஜகுமாரனையும் கொண்டுவந்தேன், வைரப்பிடி போட்ட கத்தியோடு. மாமா அரைப் பக்கம் பொறுத்துப் பார்த்தார். "இந்தப் பையனைப் படகுல ஏத்தி அனுப்பிச்சுடு. உப்பரசன் பேச்சை எடு" என்றார். ராஜகுமாரன் அதோடு போனவன்தான்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "தமிழை எழுதிப் பழகினா இங்கிலீஷ் கை கெட்டுப்போயிடும்" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து சொல்வார். ஆனால் கதை ஆரம்பித்தபின் அந்தப் பேப்பரின் பக்கம் திரும்புகிற சத்தமே கேட்காது.

ஒரு நாள் தம்பி கேட்டான்: "கடல் அவனோட வீடுதானே? அப்போ நாமதானே திருடன்?"

பேப்பர் கீழே இறங்கியது. "பட்டா யார் பேர்ல இருக்கோ அவாளோடதுதான் வீடு" என்றார் அப்பா, ஹெட் கிளார்க் குரலில். அப்புறம், "இருந்தாலும் அந்தக் கிழவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை மறுபடி தூக்கிக்கொண்டார். நம் தலைமுறைக்கு அப்பாக்களிடமிருந்து அப்படி ஒரு வாக்கியம் கிடைப்பது லேசான காரியமா? நான் அன்றைக்கு ராத்திரி சாதம் அதிகமாகச் சாப்பிட்டேன்.

இன்னொரு விஷயத்தையும் தம்பிதான் கண்டுபிடித்தான். "மாமா, நீ ஏன் அவன் மூஞ்சியைப் பாக்கவே மாட்டேங்கறே?" மாமா எப்போதும் குனிந்தே இருப்பார். அன்றிலிருந்து நான் ஒரு சட்டம் போட்டேன். உப்பரசன் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் மாமா தலையை நிமிர்த்தி அவன் கண்ணைப் பார்க்கவேண்டும். முதலில் துண்டு போர்த்திய என்னைப் பார்த்தவுடன் மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். நான் சிரிக்கமாட்டேன். உப்பரசன் சிரிக்கக்கூடாது அல்லவா? போகப்போக மாமாவும் சிரிப்பை விட்டார். நிமிர்ந்து பார்ப்பார், எழுதுவார், பார்ப்பார். பென்சில் நிற்பது குறைந்தது.

மழை ஓய்ந்து, சுவர்களில் பூஞ்சைக் கறை மட்டும் மிச்சமிருந்த ஒரு நாள் துரை கூப்பிட்டுவிட்டார். காலையில் அம்மா வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமலே உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். மாமா கோட்டை மாட்டிக்கொண்டு, பென்சில்களைச் சொருகிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் அப்பா வழக்கமான வண்டிக்கு முந்தின வண்டியிலேயே வந்துவிட்டார். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அது காலையிலேயே படித்து முடித்த பேப்பர்.

மாமா வந்தார். மோரியில் காலைக் கழுவினார். துடைத்துக்கொண்டார். அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கை ஓடித்து, அக்கா" என்றார் மாமா. "நாளையிலேர்ந்து துரை ரூம்லதான் எனக்கு நாற்காலி."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "நான் அப்பவே சொன்னேன், பிராக்டீஸ்தான் முக்கியம்னு" என்றார் அப்பா, ஏதோ தானே டிக்டேட் பண்ணிப் பழக்கியதைப்போல. நாங்கள் யாரும் மறுக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கட்டுமே.

நடந்ததை மாமா எனக்குத் தனியாகச் சொன்னார். துரை பின்னால் வந்து நின்று மெதுவாக ஆரம்பித்ததும், பழையபடி முதல் வாக்கியத்தில் கை மரத்துவிட்டதாம். பழக்கதோஷத்தில் தலையை நிமிர்த்தித் துரையின் முகத்தைப் பார்த்தாராம்.

"இத்தனை நாளா நான் அவரோட ஷூவைத்தான் பாத்திண்டிருந்திருக்கேன். முகத்தைப் பாத்தா, கண்ணுல தண்ணி கோத்திண்டிருக்கு. கழுத்துல மப்ளர். நாற்காலி முதுகைக் கெட்டியாப் பிடிச்சுண்டுதான் நிக்கறார். சத்தமாப் பேச மூச்சு இல்லைடி அவருக்கு."

"அப்போ பயம் போயிடுத்தா?"

"போகலை" என்றார் மாமா. "ஆனா பயந்துண்டே எழுத முடிஞ்சுது."

எத்தனையோ பெரிய மனிதர்கள் தைரியத்தைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். இதைவிட நன்றாக யாரும் சொல்லவில்லை. நான் பின்னாளில் குழந்தைகளுக்கு நாலு கதை எழுதினேன். அதில் வந்த கெட்டவர்களை எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள் என்றால் அந்தப் பெருமையெல்லாம் மாமாவின் கொட்டாவிக்குத்தான் சேரும். உப்பரசன் கதை மட்டும் என்னிடம் இல்லை. மாமா எழுதிய நோட்டுகளைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டார்கள். போடாவிட்டாலும் மாமாவைத் தவிர யாராலும் படித்திருக்க முடியாது. எங்கேயோ தாதர் பக்கம் வறுத்த வேர்க்கடலையைச் சுற்றிக்கொண்டு போயிருப்பான் உப்பரசன்.

இனிக் கடைசியாக ஒன்று. அடுத்த வருஷம் குளிர் நாளில் துரை சீமைக்கே திரும்பிப் போவதாக ஏற்பாடாயிற்று. கம்பெனி கை மாறப்போகிறது, துரைகளின் காலமே முடியப்போகிறது என்று பேச்சு. அதற்குள் மாமா அவருக்கு வலது கையாகியிருந்தார். நான் துரையைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தேன். மாமா என்னைக் கப்பல்துறைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

கொட்டகை முழுக்கப் பெட்டிகள், தார் வாசனை, கூலிகளின் கூச்சல். ஆபீஸ் குமாஸ்தாக்கள் மாலையோடு நின்றார்கள். நான் மலை உயரத்தில் ஒருவரைத் தேடினேன். மாமா காட்டிய ஆள் மாமாவின் தோளுக்குத்தான் இருந்தார். பெரிய ஓவர்கோட்டுக்குள் சின்ன உடம்பு. பக்கத்தில் அவருடைய சமையல்காரர், அவரும் கிழவர், ஒரு பிரம்புக் கூடையைப் பிடித்தபடி நின்றார். துரைக்கு மாலை போட்டார்கள், கை குலுக்கினார்கள். கப்பலில் ஏறப்போகிற சமயம் துரை சட்டென்று திரும்பி மாமாவைக் கூப்பிட்டார். சமையல்காரருக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்க ஒரு சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தாராம், மறந்துவிட்டதாம். மாமா இப்போதே எழுதிக்கொண்டு, டைப் அடித்து, மதியத்துக்குள் கப்பலுக்கு அனுப்பினால் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

மாமாவிடம் நோட்டும் பென்சிலும் எப்போதும் உண்டு. வைத்து எழுத மேஜைதான் இல்லை. மாமா என் தோளைப் பிடித்துத் திருப்பி, "அசையாம நேரா நில்லுடி கொழந்தே" என்று நோட்டை என் முதுகில் வைத்தார்.

துரை பேச ஆரம்பித்தார். மாமா சொன்ன அதே குரல். மெதுவாக, மரியாதையாக இருந்தது. நோட்டின்மேல் பென்சில் ஓடுவது என் எலும்புவரை தெரிந்தது. கோடு, கொக்கி, புள்ளி. இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. நேர்மையானவர் என்றார். தான் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் இருந்தவர் என்றார். "இந்த ஊரில் எனக்கு" என்று ஏதோ ஆரம்பித்தார்.

பென்சில் நின்றது.

எனக்கு உயிரே போய்விட்டது. மாமா, எழுது, எழுது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் கத்தினேன். தாங்கமுடியாமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தேன். மாமா நிமிர்ந்து துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துரையின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. கூடையைப் பிடித்திருந்த கிழவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முனை என் முதுகில், விட்ட இடத்திலேயே, அழுத்தாமல் இருந்தது. பயந்து நிற்கிற பென்சிலுக்கும் ஒருத்தருக்காகக் காத்து நிற்கிற பென்சிலுக்கும் உள்ள வித்தியாசம் என் முதுகுக்குத் தெரிந்தது. நானும் அசையாமல் நின்றேன்.

துரை தொண்டையைச் செருமிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். மாமா எழுதினார்.